சமய நிதானமும் கலாசாலை மாணவரும்

கோலார் தங்கவயலில் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் சமயத்தைக் கற்கிற காலம் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு நின்றுவிடுகிறது. கலாசாலைக்குள் கால் வைத்து உலகத்தைக் கற்கிற காலமோ பதினெட்டு வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளில்தான் மனிதனுக்குத் தன் சமயத்தைப் பற்றிய மெய்யான கேள்விகள் பிறக்கின்றன. அந்த ஆண்டுகளிலும் அவற்றைத் தொடர்ந்து வரும் கலாசாலைப் பருவத்திலும், அக்கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஆசிரியர் எவரும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. முஸ்லிம் மாணவர்களுக்குச் சமய நிதானத்தைப் போதிக்க வேண்டும் என்று இன்று பல தேசங்களின் அரசாங்கங்களும் சர்வகலாசாலைகளும் திட்டங்கள் தீட்டுகின்றன. அத்திட்டங்களின் தன்மை என்ன, அவற்றுள் எது பயன் தந்தது, எது தரவில்லை, தங்கவயல் போன்ற ஒரு சிறு நகரத்துக்கு அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது எது என்பதை ஆராய்வதே இங்கு நோக்கம்.

முதலில் அந்தப் பாலிய வயதுக் கல்வியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். விடியற்காலைத் தொழுகை முடிந்த பிறகோ, மாலையில் மஃரிபுத் தொழுகைக்குப் பின்போ, பள்ளிவாசலை ஒட்டிய மக்தப் என்னும் ஓதும் பள்ளியில் பாய் விரித்து, ரெஹால் என்ற மரத் தாங்கியின்மேல் காயிதா என்ற எழுத்துப் பாடநூலை வைத்து, ஹஜ்ரத் எனப்படும் ஆசிரியர் முன்னால் ஓத, பிள்ளைகள் பின்னால் ஓதுகிறார்கள். எழுத்துக்கூட்டல் முடிந்ததும் குர்ஆனைப் பார்த்து ஓதும் நாஜிரா; அதனோடு தொழுகைக்கு வேண்டிய சூராக்களும், துஆக்களும், உளூவின் கடமைகளும். குர்ஆன் ஓதி முடிக்கிற அன்று வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். அதற்குப் பின் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் டியூஷனும் வந்துவிடுகின்றன. மக்தப் அத்துடன் போயிற்று. இந்தக் கல்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறமொழி எழுத்தொன்றைப் பிழையின்றி உச்சரிக்கவும், பெரியோர் முன் ஒழுங்காக அமரவும் அது கற்றுத் தருகிறது. ஆனால் ஓதியதன் பொருள் என்ன, அந்தப் பொருளைப் பற்றி அறிஞர்கள் எவ்வாறெல்லாம் சிந்தித்தார்கள், எங்கெங்கே ஒருவரோடொருவர் மாறுபட்டார்கள் என்பவற்றைக் குழந்தைக்குச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய வயது வரும்போது குழந்தை அங்கே இல்லை.

நம் தேசத்தில் முஸ்லிம் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் மதரஸாக்களைப் பற்றியே பேசுகிறார்கள். 2006-ஆம் ஆண்டு வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கையோ, பள்ளி செல்லும் வயதிலுள்ள முஸ்லிம் மாணவர்களில் சுமார் 4 விழுக்காட்டினரே முழுநேர மதரஸாக்களில் படிக்கிறார்கள் என்றும், பகுதிநேர மக்தபையும் முழுநேர மதரஸாவையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதே தவறான எண்ணத்துக்குக் காரணம் என்றும் எடுத்துக் காட்டியது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மக்தபோடு சமயக் கல்வி முடிகிறது. அவர்களில் கலாசாலையை எட்டுகிறவர்கள் மிகவும் குறைவு: 2020-21-இல் உயர்கல்வி பயின்றோரில் முஸ்லிம்கள் 4.6 விழுக்காடு; 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அவர்களுடைய பங்கோ 14.2 விழுக்காடு. இவ்வளவு அருமையாகக் கலாசாலைக்கு வந்து சேர்கிற ஒருவன் இயந்திரவியலையோ கணக்கியலையோ இருபது வயதின் அறிவோடும், தன் சமயத்தைப் பன்னிரண்டு வயதின் அறிவோடும் சுமந்து திரிகிறான். இந்த ஏற்றத்தாழ்வை அவனே உணர்கிறான். உணர்ந்து, கையிலிருக்கும் போனைத் திறக்கிறான். அங்கே எந்தத் தேசத்தாரென்று தெரியாத, எந்தக் குருவினிடம் ஓதினார் என்று சொல்லாத பிரசங்கிகள், ஒன்றரை நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பட்டப்படிப்பு ஒருவனைத் தானாகவே நிதானமுள்ளவனாக்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. டியேகோ கம்பேட்டா, ஸ்டெஃபன் ஹெர்டோக் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 2016-இல் வெளியிட்ட நூலொன்றில், வன்முறை வழியில் இறங்கிய இஸ்லாமியக் குழுக்களில் படித்தவர்களை எடுத்துப் பார்த்தால் பொறியியல் பயின்றோரின் தொகை எதிர்பார்க்கத் தக்கதைவிட மிக அதிகம் என்று காட்டினார்கள். அரபு தேசங்களில் படித்தவர்களுக்கு வேலையின்றிப் போன ஏமாற்றத்தை ஒரு காரணமாகவும், ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனப்போக்கை மற்றொரு காரணமாகவும் அவர்கள் கருதினார்கள். பொறியியல் மீது குற்றம் சாட்டுவதற்காக இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. பொறியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அமைதியான குடும்பஸ்தர்கள். கணக்குக்கு ஒரே விடை என்று பழகிய புத்திக்கு, ஒரு கேள்விக்கு இரண்டு நேர்மையான விடைகள் இருக்கக்கூடும் என்பதை யாராவது ஒருவர் கற்றுத்தர வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறுகிற பாடம்.

அதைக் கற்றுத்தருவதற்கு இஸ்லாத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 143-ஆம் வசனம் முஸ்லிம்களை நடுநிலைச் சமுதாயமாகக் குறிப்பிடுவதை நிதானம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது முறைதான். எனினும் அந்த ஒரு வசனத்தை மேடைதோறும் ஒப்புவிப்பதைக் காட்டிலும், இமாம்களின் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுப்பது மாணவன் மனத்தில் ஆழமாகப் பதியும் என்பது என் அபிப்பிராயம். தம்முடைய முவத்தா என்ற நூலையே சாம்ராஜ்யம் முழுவதற்கும் சட்டமாக்கலாம் என்று கலீஃபா முன்வந்தபோது, வெவ்வேறு நாட்டு மக்கள் வெவ்வேறு அறிஞர்களிடம் கற்று நடந்துவருகிறார்கள், அவர்களை வற்புறுத்தலாகாது என்று இமாம் மாலிக் மறுத்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. இமாம் ஷாஃபி பாக்தாதில் அபூஹனீஃபாவின் அடக்கத் தலத்தருகே தொழுதபோது, அந்தப் பெரியாருக்கு மரியாதையாக, தம் கொள்கைப்படி ஓதவேண்டிய குனூத் என்ற வேண்டுதலை ஓதாமல் விட்டார் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ஒருவரையொருவர் காஃபிர் என்று தூற்றும் வழக்கம் தம் காலத்தில் பெருகியதைக் கண்டு மனம் நொந்து, யாரை எப்போது அவ்வாறு சொல்ல முடியும் என்பதற்கு மிகக் கடுமையான வரம்புகளை விதித்து ஒரு தனி நூலே எழுதினார். இவையெல்லாம் சமயத்தைத் தளர்த்திக்கொண்டவர்கள் செய்த காரியங்கள் அல்ல. சமயத்தில் தலைசிறந்து விளங்கியவர்கள் செய்தவை. அறிவு பெருகப் பெருக, தமக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்ற எல்லையை அவர்கள் உணர்ந்தார்கள். அந்த எல்லையுணர்வைத்தான் நான் நிதானம் என்கிறேன்.

தங்கவயலில் இதைப் போதிக்க ஒரு கோலும் கொஞ்சம் வெயிலும் போதும். உருது பேசும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபை, அதாவது அபூஹனீஃபாவின் சட்ட மரபைச் சேர்ந்தவர்கள். தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்கள் ஷாஃபிகள். அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில் இவ்விரு சாராருக்கும் பேதம் உண்டு. நட்டு வைத்த கோலின் நிழல், நண்பகலில் விழும் நிழலைக் கழித்துவிட்டு, கோலின் உயரத்துக்குச் சமமாகும்போது என்பது ஷாஃபி முறை. இரு மடங்காகும்போது என்பது அபூஹனீஃபாவின் முறை. இதில் வியப்பு என்னவென்றால், அபூஹனீஃபாவின் பிரதான சீடர்களான அபூயூசுஃபும் முஹம்மது ஷைபானியும் தங்கள் குருவோடு மாறுபட்டு, ஒரு மடங்கே போதும் என்றார்கள். அவ்வாறு மாறுபட்டதனால் அவர்கள் ஹனஃபிகள் அல்லாமற் போய்விடவில்லை. இன்ஜினீயரிங் மாணவன் ஒருவனைக் கலாசாலை மைதானத்தில் ஒரு கோல் நட்டு அளக்கச் சொல்லுங்கள். பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கும் இவ்வூரில் ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மத்தியை அடுத்து ஒரு நாளும் உச்சிப் பொழுதில் கோலுக்கு நிழலே விழாது என்பதை அவன் கணக்கிட்டுக் கண்டுகொள்வான். அந்நாளில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மடங்கு, இரு மடங்கு என்ற இரண்டு நேரங்களும் துல்லியமாகத் தனித்தனியே நிற்கும். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, இரண்டையும் சொன்னவர்கள் மேதைகள், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இருவர் வழியிலும் கோடிக்கணக்கானோர் தொழுதுவருகிறார்கள் என்பதை அந்தக் கோலினருகே நின்று அறிந்துகொண்டவன், தன் அண்டை வீட்டுக்காரனின் நம்பிக்கையைப் பற்றி அவசரத் தீர்ப்புச் சொல்லத் தயங்குவான். சொந்தச் சமயத்துக்குள் இருக்கும் வேற்றுமையைப் பொறுக்கப் பழகாதவன் பிற சமயத்தவனோடு பொறுமையாக இருப்பான் என்று எதிர்பார்ப்பது வீண்.

உலகில் இத்துறையில் மிகுதியாக முயன்ற தேசம் இந்தோனேசியா. அங்கே 2012-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம், எந்தத் துறையில் பயிலும் மாணவனும் தன் சமயத்தைப் பற்றிய பாடமொன்றைக் கட்டாயமாகப் படிக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2019-இல் அந்நாட்டுச் சமய அமைச்சகம், லுக்மான் ஹக்கீம் சைஃபுத்தீன் அமைச்சராயிருந்தபோது, சமய நிதானம் பற்றி ஒரு நூலை வெளியிட்டது. தேசப் பற்று, சகிப்புத்தன்மை, வன்முறை மறுப்பு, உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இடம் தருதல் என்ற நான்கையும் அது நிதானத்தின் அடையாளங்களாக வகுத்தது. இஸ்லாமியச் சர்வகலாசாலைகளில் இதற்கெனத் தனி மையங்களும் தோன்றின. நான்கும் நல்லவையே. ஆனால் அரசாங்கம் அளவுகோலை எடுத்து நீட்டியவுடன், மாணவன் அந்த அளவுக்குத் தன் வார்த்தைகளை வெட்டிச் சரிசெய்துகொள்ளக் கற்றுக்கொள்வான் என்ற அச்சம் எனக்கு உண்டு. தேர்வுத்தாளில் சகிப்புத்தன்மைக்கு முழு மதிப்பெண் வாங்குவது கடினமான காரியமே அன்று.

இதைவிடப் பழைய, இதைவிட ஆழமான ஒரு முயற்சி அதே தேசத்தில் நடந்திருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. 1973 முதல் 1984 வரை ஜகார்த்தாவின் அரசு இஸ்லாமியக் கல்லூரிக்குத் தலைவராயிருந்த ஹாருன் நஸூத்தியோன், இஸ்லாத்தைப் பல கோணங்களிலிருந்து நோக்கும் பாடநூலொன்றை 1974-இல் இரண்டு பாகங்களாக எழுதினார். இறையியல், சட்டம், தத்துவம், சூஃபித்துவம், வரலாறு, அரசியல் ஆகிய ஒவ்வொன்றிலும் முஸ்லிம் அறிஞர்கள் எத்தனை வகையாகச் சிந்தித்தார்கள் என்பதை, முதல் வருஷ மாணவனே கற்கும்படி அந்நூல் வகுக்கப்பட்டது. முஃதஸிலாக்கள் என்ற பகுத்தறிவு மரபினர் என்ன சொன்னார்கள், அஷ்அரிகள் என்ற எதிர் மரபினர் எங்கே மறுத்தார்கள் என்பதை இருதரப்பு நியாயத்தோடும் கேட்ட அந்த மாணவர்கள், தாம் பிறந்த ஊரில் கேட்டதே இஸ்லாம் முழுவதும் என்ற எண்ணத்தைத் தாமாகவே கைவிட்டார்கள். எதிர்ப்பும் இல்லாமலில்லை: அந்நாட்டின் முன்னாள் சமய அமைச்சரும் பேரறிஞருமான ரஷீதி, ஹாருனின் நூலைக் கண்டித்து ஒரு மறுப்பு நூலே எழுதினார். ஹாருன் பகுத்தறிவுவாதிகளின் பக்கம் சாய்கிறார் என்ற அவருடைய ஆட்சேபத்தில் உண்மை இல்லாமல் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் அந்தக் கண்டனமும் நூலாகவே வந்தது, மாணவர்கள் அதையும் வாசிக்கலானார்கள் என்பது அந்தக் கல்விமுறைக்குப் பெருமையே.

தமிழ் பேசும் முஸ்லிம்களின் உலகில் இதற்கு இணையான முயற்சிகளைத் தேடினால் இலங்கைதான் முதலில் கண்ணுக்குப் படுகிறது. 1892-இல் தோன்றிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரியை டி.பி.ஜாயாவும், அவருக்குப்பின் 1948 முதல் 1961 வரை ஏ.எம்.ஏ.அஸீஸும் வளர்த்தார்கள். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அஸீஸ், தமிழிலேயே இஸ்லாத்தைப் பற்றி எழுதினார். சமயப் பற்றையும் தமிழ்ப் பற்றையும் தேச வாழ்வையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவரே சான்று. பின்னர் 1973-இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, அரபு இஸ்லாமியக் கல்வியோடு சர்வகலாசாலைப் பட்டத்தையும் சேர்த்துப் பெறும்படி ஒரு நீண்ட படிப்பை வகுத்தது, காலஞ்சென்ற எம்.ஏ.எம்.சுக்ரி அதை நெடுங்காலம் வழிநடத்தினார். 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, அந்தத் தீவின் முஸ்லிம் கல்விக்கூடங்கள் அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாயின. அக்கொலைக்குத் தலைமை தாங்கியவன் மதரஸாவில் சேர்ந்து, படிப்பு முடியாமலே வெளியேற்றப்பட்டவன். அவனோடு சேர்ந்தவர்களில் செல்வக் குடும்பத்தவரும் வெளிநாட்டில் படித்தவரும் இருந்தார்கள். தன் ஆசிரியர்களோடு சச்சரவிட்டுப் பாதியில் வெளியேறியவனும், சமய சாஸ்திரங்களை முறையாகத் தொட்டே பார்க்காத பட்டதாரியும் கைகோத்தபோது அந்தப் பேரழிவு விளைந்தது. முறையான கல்வியை நெருக்கி ஒடுக்குவதால் இதற்குப் பரிகாரம் கிட்டாது என்பதை இவ்விரு உதாரணங்களும் விளக்குகின்றன.

தங்கவயலுக்கு இன்னும் அண்மையில், பாலாற்றங்கரையில், இக்காரியத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. கவிக்கோ அப்துல் ரகுமான் நெடுங்காலம் அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-இல் காகா முஹம்மது உமர் தோற்றுவித்த ஜாமிஆ தாருஸ்ஸலாம், சமய அறிஞர்களை உருவாக்கும் ஆலிம் கல்வியோடு நவீனக் கல்வியையும் இணைக்க முற்பட்டது. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்ற அரபுக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஓதிய ஆ.கா.அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழில் பெயர்த்தளித்தார். பாலாற்றங்கரைக்கு அப்பால், மதுரையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஏற்பட்ட பீடத்தில் அமர்ந்து, அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதிய ம.மு.உவைஸ் இலங்கையிலிருந்து வந்தவர். இத்தனை இருந்தும், தமிழகத்து முஸ்லிம் கலாசாலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது: சமய வகுப்பு மணி அடித்தால் முஸ்லிம் மாணவர்கள் தீனியாத் என்ற இஸ்லாமியச் சமய வகுப்புக்கும், ஏனையோர் நீதிபோதனை வகுப்புக்கும் பிரிந்து போகிறார்கள். தம் சமயத்தைக் கற்கும் உரிமை முஸ்லிம்களுக்கு உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் மாணவன் தன் நண்பனின் சமயத்தையும், அந்த நண்பன் இஸ்லாத்தையும் கற்கிற ஒரே ஒரு மணி நேரமாவது அந்த வாரத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் நாட்டிலுள்ள எல்லாக் கலாசாலைகளுக்கும் கேட்டது. பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் புத்தர், இயேசு, முஹம்மது நபி, சங்கரர், கபீர், நானக் போன்ற சமயப் பெரியார்களின் சரித்திரம். இரண்டாம் ஆண்டில் பல சமய நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகள். மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் முக்கியப் பிரச்சினைகள் என்று ஒரு வரிசையை அது வகுத்துத் தந்தது. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடங்களில் சமய போதனை கூடாது என்று தடுத்தது. எனினும் கோத்தாரி கல்விக் கமிஷன் 1966-இல், சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிப் போதிப்பது வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றமும் சமயங்களைப் பற்றிய கல்வியை அரசியலமைப்பு விலக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே சட்டம் வழியை அடைக்கவில்லை. இருந்தும் ராதாகிருஷ்ணன் கமிஷனின் அந்த மூன்றாண்டு வரிசை காகிதத்திலேயே நின்றுவிட்டது. தொழில்நுட்பக் கல்விக் குழு இன்ஜினீயரிங் மாணவர்களுக்கென வகுத்த மனித விழுமியப் பாடமும், பட்டப்படிப்பில் கட்டாயமாக்கப்பட்ட அரசியலமைப்புப் பாடமும் தங்கவயலிலும் நடக்கின்றன. அவை தேவையானவை, ஆனால் ஓர் இளைஞன் தன் சமயத்தைப் பற்றி இரவில் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது.

இனி, நிதானத்தைக் கெடுக்கிற ஒரு போதனா முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 2015-இல் வந்த சட்டம், தீவிரவாதத்துக்கு இழுக்கப்படக் கூடியவர்களைக் கவனித்துத் தெரிவிக்கும் கடமையைச் சர்வகலாசாலைகள் மீதும் சுமத்தியது. ஆசிரியர்களும் மாணவர்களும் அதை எதிர்த்து முறையிட்டார்கள். வகுப்பில் கேட்கிற கேள்வி தன் பெயரை ஏதோ ஓர் ஏட்டில் ஏற்றிவிடும் என்று அஞ்சுகிற மாணவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறான். நிறுத்திய கேள்வி மறைந்துபோவதில்லை, வேறிடத்தில் போய்க் கேட்கப்படுகிறது. கர்நாடகத்தில் 2022 பிப்ரவரி 5-ஆம் தேதிய அரசாணையும், மார்ச் 15-ஆம் தேதி உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அக்டோபர் 13-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறாகச் சொன்ன தீர்ப்பும் ஹிஜாப் அணியும் மாணவிகளின் வாழ்க்கையில் எத்தனை கலக்கத்தை விளைவித்தன என்பதை நாம் அறிவோம். சட்டப் பிரச்சினையை நீதிமன்றம் தீர்க்கட்டும். எனினும் கல்விக்கூடத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உள்ளே நிதானத்தைப் பற்றி வகுப்பு எடுப்பதால் பயன் இல்லை. நிதானத்தைப் போதிக்க வருகிறவன் முதலில் தன் மாணவனை நம்பியாக வேண்டும்.

தங்கவயலுக்கே உரிய ஒரு மரபு இந்த விஷயத்தில் நமக்குக் கைகொடுக்கக் காத்திருக்கிறது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கிய பின், பெரும்பாலும் வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள், பகலெல்லாம் பூமிக்கடியில் பாறை உடைத்துவிட்டு மாலையில் சமயத்தைப் பற்றி வாதாடினார்கள். அயோத்திதாச பண்டிதரின் பௌத்தம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. பண்டிதர் நடத்திய தமிழன் பத்திரிகை 1926-இல் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்தே மறுபடியும் வெளிவந்தது. சுரங்க லைன்களில் வாழ்ந்த எளிய மனிதர்கள், வயது வந்தபின், தங்கள் தாய்மொழியில், தங்கள் காசில் பத்திரிகை நடத்திச் சமயத்தை ஆராய்ந்தார்கள். அவர்கள் வந்துசேர்ந்த முடிவு எல்லோருக்கும் உடன்பாடாக இராது. அவர்கள் கையாண்ட முறை நமக்கு உடன்பாடானதே. சமயக் கல்வி பெரியவர்களுக்கும் உரியது, அவர்கள் சிந்திக்கிற மொழியில் நடக்க வேண்டியது என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். இன்று இங்குள்ள முஸ்லிம் மாணவனோ வீட்டில் தக்னி உருதுவோ தமிழோ பேசி, தெருவில் தமிழ் பேசி, கலாசாலையில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான பயானை ஏட்டு உருதுவில் கேட்கிறான். அந்த நான்கில் எதில் அவன் சிந்திக்கிறானோ அதில் அவனோடு பேச வேண்டும். பல வீடுகளில் அது தமிழாகவே இருக்கும்.

பாடத்துக்கு வேண்டிய சரித்திரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை பங்காருபேட்டை தாலுகாவைச் சேர்ந்தது; அவருடைய தகப்பனார் ஃபதே முஹம்மதின் மக்பரா கோலார் நகரத்தில் இருக்கிறது. ஹைதரின் புதல்வர் திப்புவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் மாநிலத்தில் உடனே இரண்டு கட்சிகள் எழுகின்றன. 1791-இல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபின், மடாதிபதிக்கு வருத்தமும் வணக்கமும் தெரிவித்துத் திப்பு எழுதிய கடிதங்களை 1916-இல் மைசூர்த் தொல்பொருள் இலாகாவினர் கண்டெடுத்தார்கள். அதே திப்புவின் படைகள் குடகிலும் மலபாரிலும் விளைத்த துன்பங்களையும் ஆவணங்கள் சொல்லுகின்றன. முஸ்லிம் மாணவனுக்குச் சிருங்கேரிக் கடிதத்தை மட்டும் காட்டுவதும், மற்றவனுக்குக் குடகை மட்டும் காட்டுவதும் ஒரே குற்றம். இரண்டையும் ஒரே மேஜைமேல் வைத்து, இரு சமயத்து மாணவர்களும் சேர்ந்து வாசிக்கும்போது, தன் முன்னோரைப் போற்றவும் அவர்கள் செய்த பிழையை ஒப்புக்கொள்ளவும் ஒருங்கே துணிகிற மனம் உண்டாகிறது. சமய நிதானத்துக்கு இதைவிடக் கடினமான பயிற்சியும் இல்லை, இதைவிடப் பயனுள்ள பயிற்சியும் இல்லை.

ஆகவே யார் கற்பிப்பது, எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு வந்துவிட்டோம். அரசுக் கலாசாலையின் கட்டடத்துக்குள் 28-ஆம் பிரிவு தீனியாத் வகுப்பை அனுமதியாது. அங்கே சமயங்களைப் பற்றிய பொதுப் பாடம் நடக்கலாம், அதைப் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம் விருப்பப் பாடமாகவேனும் வகுத்துத் தரலாம். அந்தரங்கமான சமயக் கல்வியை ஜமாஅத்துகளே ஏற்க வேண்டும். உமராபாத்திலும் வேலூரிலும் ஓதி, சர்வகலாசாலைப் பட்டமும் பெற்ற இளம் ஆலிம்கள் இந்த மாவட்டத்துக்கு ரயிலில் வந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தகுந்த சம்பளம் கொடுக்கப் பள்ளிவாசல் நிர்வாகிகளான முத்தவல்லிகள் முன்வர வேண்டும். கட்டடத்துக்கும் மினாராவுக்கும் மனமுவந்து பணம் தருகிற நம் தனவந்தர்கள் ஆசிரியருக்குத் தரத் தயங்குவது நெடுநாள் நோய். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டபின் இவ்வூரார் ஆயிரக்கணக்கில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் படிக்கவும் வேலைக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். ஆதலால் வகுப்பு ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்க முடியும். தேர்வு வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். மதிப்பெண்ணுக்காகச் சொல்லப்படும் சகிப்புத்தன்மையால் யாருக்கும் பிரயோஜனமில்லை. கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்று அந்த வகுப்பில் இருக்கலாகாது. தமக்குத் தெரியாததை, தெரியாது, விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஹஜ்ரத்தாகப் பார்த்து அமர்த்த வேண்டும். இமாம் மாலிக் தம்மிடம் வந்த கேள்விகள் பலவற்றுக்கு அவ்வாறுதான் பதில் சொன்னார் என்பார்கள்.

மாணவிகளைப் பற்றிய ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிட வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அது நடவாது. மக்தபில் ஆண்பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து ஓதிய பெண்ணுக்கு, வயது வந்தபின் வெள்ளிக்கிழமை பயானும் நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பெரும்பாலானவற்றில் கிட்டுவதில்லை. சமயத்தைப் பற்றி அவள் கேள்வி கேட்கத்தக்க இடம் வீட்டுக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. கலாசாலையில் தன் உடையைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவளாக நிற்பவளும் அவளே. ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பெண்கள் தாராளமாக வந்துபோகக் கூடிய ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலோ கல்யாண மண்டபத்திலோ வைக்க வேண்டும். ஆலிமாக்கள் கற்பிக்கிற பாடங்களும் அதில் இருக்க வேண்டும். நபியின் மனைவியான ஆயிஷா நாயகியிடம் நபித்தோழர்களே வந்து சந்தேகம் தெளிந்துகொண்டார்கள் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லித் தர வேண்டும்.